சாம்பியன் ரத்தத்திலிருந்து வருகிறானா, தெருவிலிருந்து வருகிறானா?

பெரிய குத்துச்சண்டை ஒன்று முடிந்தால் போதும், இரண்டு கட்சி கிளம்பிவிடும். "பிறவியிலேயே வந்தது சார், அந்தக் கை நீளத்தைப் பாருங்க, தோளைப் பாருங்க" என்பது ஒன்று. "சோத்துக்கு இல்லாம வளர்ந்தவன், அந்த வெறிதான் அடிக்குது" என்பது மற்றது. இரண்டுமே கேட்க நன்றாக இருக்கும், இரண்டுக்கும் உடனே பத்து உதாரணம் கிடைக்கும், அதுதான் தொல்லையே.

எனக்கு இரண்டு கட்சியிலும் சேர மனமில்லை, "பாதி அது, பாதி இது" என்று பஞ்சாயத்து பேசி முடிக்கவும் இஷ்டமில்லை. நாம் இரண்டு தனித்தனிக் கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம் என்று நினைக்கிறேன். ஒரு நாட்டிலிருந்தோ ஒரு சமூகத்திலிருந்தோ ஏன் இத்தனை சாம்பியன்கள் வருகிறார்கள் என்பது ஒரு கேள்வி. ஒரே ஜிம்மில் ஒரே கோச்சிடம் பழகிய இரண்டு பையன்களில் ஏன் ஒருவன் மட்டும் மேலே போகிறான் என்பது முற்றிலும் வேறு கேள்வி. முதல் கேள்விக்கு மரபணுவைக் கூப்பிடுகிறவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை. இரண்டாவது கேள்வியில் மரபணுவே கிடையாது என்பவர்களிடமும் இல்லை.

முதல் கேள்விக்கு அமெரிக்க வரலாறு ஒன்றே போதும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே குத்துச்சண்டை என்றால் ஐரிஷ்காரர்கள்தான்: ஜான் எல். சல்லிவன், ஜிம் கார்பெட். கொஞ்ச காலம் போனதும் யூதர்கள் வந்தார்கள். பென்னி லெனார்ட் 1917 முதல் 1925 வரை லைட்வெயிட் எடைப்பிரிவுப் பட்டத்தைக் கையைவிட்டுப் போகாமல் வைத்திருந்தார், பின்னாலேயே பார்னி ராஸ், மேக்சி ரோசன்ப்ளூம் என்று ஒரு வரிசை. அடுத்து இத்தாலிய வம்சாவளியினர்: வில்லி பெப், ஜேக் லமோட்டா, ராக்கி மார்சியானோ. அப்புறம் கறுப்பினத்தவர், மெக்சிகோ வம்சாவளியினர். 1952இலேயே வெய்ன்பெர்க், ஆரண்ட் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் இந்த வரிசையைக் கவனித்து எழுதிவிட்டார்கள். நகரத்தின் கடைசிப் படியில் எந்தச் சமூகம் நிற்கிறதோ அதிலிருந்து ஆட்கள் ரிங்குக்குள் வருகிறார்கள், அந்தச் சமூகம் ஒரு படி ஏறியதும் அந்த இடத்துக்கு அடுத்த கூட்டம் வருகிறது. யூதக் குடும்பங்கள் கடை, கல்லூரி, அலுவலகம் என்று நகர்ந்தபோது அந்தச் சமூகத்துச் சாம்பியன்கள் ஏறக்குறைய ஒரே தலைமுறையில் காணாமல் போனார்கள். மரபணு அவ்வளவு சீக்கிரம் ஆவியாகிற சரக்கு கிடையாது. (அந்தக் காலத்தில் ஐரிஷ் பெயருக்குத்தான் டிக்கெட் விற்கும் என்பதால் யூதரான ஒரு வீரர் மஷி காலஹன் என்று பெயர் வைத்துக்கொண்டு உலகப் பட்டமே வாங்கினார். இன்று யாராவது யூதப் பெயரை வைத்துக்கொண்டு ரிங்கில் ஏறினால் தனிச் செய்தியாகிவிடும்.)

மரபணு வாதத்தின் மேல் எனக்குள்ள பெரிய கோபம் வேறு. ஜெயிப்பவர் மாறினால் அதுவும் வெட்கமே இல்லாமல் மாறிவிடும். சல்லிவன் கறுப்பின வீரர்களோடு மோதவே மாட்டேன் என்றவர். கறுப்பினத்தவருக்கு நெஞ்சுரம் போதாது, வயிற்றில் அடித்தால் தாங்க மாட்டார்கள் என்றெல்லாம் அன்றைக்குப் பத்திரிகைகளில் அறிவியல் மாதிரியே எழுதினார்கள். 1908இல் சிட்னியில் டாமி பர்ன்ஸை அடித்து ஜாக் ஜான்சன் ஹெவிவெயிட் என்ற மிக அதிக எடைப் பிரிவில் முதல் கறுப்பினச் சாம்பியன் ஆனார். ஓய்வில் இருந்த முன்னாள் சாம்பியன் ஜெஃப்ரீஸை வெள்ளையர் மானம் காக்கவென்று திரும்ப அழைத்துவந்தார்கள், 1910 ஜூலை 4 அன்று ரீனோவில் அவரும் அடி வாங்கினார். 1915இல் ஜான்சன் பட்டத்தை இழந்த பிறகு என்ன நடந்தது தெரியுமா? 1937இல் ஜோ லூயிஸ் வரும்வரை 22 வருடம் எந்தக் கறுப்பினத்தவருக்கும் ஹெவிவெயிட் பட்டத்துக்கு மோத வாய்ப்பே தரவில்லை. ஹாரி வில்ஸ் மாதிரி ஆட்கள் காத்திருந்தே முதுமை அடைந்தார்கள். லூயிஸ் ஜெயிக்க ஆரம்பித்ததும் அதே வாய்கள் "அவர்களுக்கு அது இயற்கையாகவே வரும்" என்றன. முன்பு உடம்பு போதாது என்றவர்கள் இப்போது உடம்புதான் எல்லாம் என்றார்கள், உழைப்புக்கான பாராட்டு இரண்டு தடவையும் கிடைக்கவில்லை.

கியூபாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1968க்கு முன்னால் குத்துச்சண்டையில் கியூபாவுக்கு ஒரு ஒலிம்பிக் பதக்கம்கூட கிடையாது. திறமை இல்லாமலில்லை: கிட் சாக்லேட் 1931இலேயே உலக சாம்பியன், கிட் கவிலான் 1950களில் வெல்டர்வெயிட் ராஜா. ஆனால் அவர்களெல்லாம் பணத்துக்காக அமெரிக்காவுக்குப் போய் மோதியவர்கள். புரட்சிக்குப் பிறகு 1962இல் தொழில்முறை விளையாட்டுக்குத் தடை போட்டார்கள், சோவியத்திலிருந்து கோச் வந்தார், அல்சிடெஸ் சகாரா என்ற உள்ளூர்க்காரர் கையில் தேசிய அணி வந்தது, பள்ளிப் பருவத்திலேயே பையன்களைப் பொறுக்கி எடுக்கும் ஏற்பாடு வந்தது. 1972இல் மூன்று தங்கம். தியோஃபிலோ ஸ்டீவன்சன் தொடர்ந்து மூன்று ஒலிம்பிக், பின்னால் ஃபெலிக்ஸ் சவோன் மூன்று ஒலிம்பிக். இன்று சுமார் ஒரு கோடி மக்கள் உள்ள அந்தத் தீவின் கணக்கில் ஒலிம்பிக் குத்துச்சண்டையில் மட்டும் 40க்கும் மேற்பட்ட தங்கங்கள். இருபது வருடத்தில் ஒரு தீவின் ரத்தம் மாறிவிட்டதா என்ன? அங்கே மாறியது யாரை யார் எந்த வயதில் கண்டுபிடிக்கிறார்கள் என்பது.

இப்போது அந்த இடத்தில் உஸ்பெகிஸ்தான் இருக்கிறது, 2024 பாரிஸில் மட்டும் ஐந்து தங்கம். சின்ன வட்டத்தில் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். கானாவின் தலைநகர் அக்ராவில் புக்கோம் என்று ஒரு பகுதி, ஐக் குவார்ட்டி, ஜோஷுவா கிளாட்டி என்று உலகத் தரத்தில் வரிசையாக ஆட்கள் அங்கிருந்து வருகிறார்கள். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற ஐந்து இந்தியக் குத்துச்சண்டை வீரர்களில் நான்கு பேர் ஹரியானாவின் பிவானியில் ஒரே கிளப்பில் பழகியவர்கள். நாட்டுக்கு ஒரு மரபணு என்றுகூட வாதாடிப் பார்க்கலாம், ஒரு தெருவுக்கும் ஒரு கிளப்புக்கும் தனி மரபணு என்று யாரும் சொல்லத் துணிய மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

பெண்கள் விஷயத்தில் விவாதமே தேவையில்லை. பிரிட்டனில் 1998இல் ஜேன் கவுச் வழக்காடி ஜெயிக்கும்வரை பெண்களுக்குத் தொழில்முறை உரிமமே தரவில்லை. ஒலிம்பிக்கில் 2012இல்தான் கதவு திறந்தது. திறந்த உடனே நிகோலா ஆடம்ஸ், கேட்டி டெய்லர், கிளாரெஸா ஷீல்ட்ஸ் என்று தங்கம் வாங்கிப் போனார்கள். அதற்கு முந்தைய தலைமுறையில் அதே உடம்போடு, அதே வேகத்தோடு பிறந்த பெண்கள் எத்தனை பேர் இருந்தார்கள் என்று கணக்கெடுக்கக்கூட வழியில்லை.

இவ்வளவு சொன்னதும் வறுமைக் கட்சிக்காரர்கள் "பார்த்தீர்களா" என்று எழுந்து நிற்பார்கள். கொஞ்சம் உட்காருங்கள்.

வறுமை வெறியைத் தரும், வெறி சாம்பியனை உருவாக்கும் என்ற கதை எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. பட்டு பைஜாமாவில் தூங்குகிறவனுக்கு விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து ஓடப் போவது கஷ்டம் என்று மார்வின் ஹாக்லர் சொன்னதை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். ஆனால் ஃபிளாய்ட் மேவெதர் கோடிகளில் புரண்ட பிறகும் நள்ளிரவில் ஜிம்முக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார். விளாடிமிர் கிளிச்கோவின் அப்பா சோவியத் விமானப்படை அதிகாரி, மகன் விளையாட்டு அறிவியலில் முனைவர் பட்டம் வாங்கியவர், ஹெவிவெயிட்டை ஏறக்குறைய பத்து வருடம் கையில் வைத்திருந்தார். முகமது அலியின் வீடும் பட்டினி கிடந்த வீடு இல்லை, அப்பா விளம்பரப் பலகை எழுதுகிறவர். பன்னிரண்டு வயதில் சைக்கிள் திருட்டுப் போனதும், புகார் சொல்லப் போன இடத்தில் இருந்த போலீஸ்காரர் ஜோ மார்ட்டின் பக்கத்திலேயே பாக்ஸிங் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்ததும்தான் அவரை ரிங்குக்குள் கொண்டுவந்தது.

உலகத்தில் ஏழைகள் எங்கேயும் இருக்கிறார்கள், சாம்பியன்கள் சில இடங்களிலிருந்து மட்டுமே வருகிறார்கள். ரொம்ப அடிமட்டத்தில் இருப்பவனால் பெரும்பாலும் ஜிம்முக்கே வர முடியாது. தினமும் ஒரே நேரத்துக்கு வரவேண்டும், தூங்கவேண்டும், எடைக்கு ஏற்றபடி சாப்பிடவேண்டும், காயம் பட்டால் ஆறும்வரை காத்திருக்கவேண்டும். வாழ்க்கையில் எதுவுமே நிலையாக இல்லாதவனுக்கு இதெல்லாம் ஆடம்பரம். எண்பதுகளின் கடைசியில் சிகாகோவின் கறுப்பினப் பகுதி ஜிம் ஒன்றில் தானே கையுறை மாட்டி மூன்று வருடம் பழகிய பிரெஞ்சுச் சமூகவியலாளர் லோயிக் வாக்கானும் இதைத்தான் கவனித்தார். அங்கே வருகிறவர்கள் அந்தச் சமூகத்துக்குள்ளேயே கடைசிப் படியில் இருப்பவர்கள் அல்ல, அதற்கு ஒரு படி மேலே பிடிமானத்தோடு நிற்கும் உழைக்கும் குடும்பத்துப் பையன்கள்.

அப்படியானால் வறுமை செய்வது என்ன? மற்ற கதவுகளை மூடி வைக்கிறது, அவ்வளவுதான். தலையில் அடி வாங்கும் தொழில் இது, வேறு வழி இருக்கிறவன் பாதியில் கிளம்பிவிடுவான். அமெரிக்காவின் ஹெவிவெயிட் கதை இதற்கு அழகான சாட்சி. ஆறரை அடி உயரமும் மின்னல் கால்களும் உள்ள பையனுக்கு அங்கே இப்போது கூடைப்பந்தும் அமெரிக்கன் ஃபுட்பாலும் இருக்கின்றன, படிப்புக்கு உதவித்தொகையும் கிடைக்கிறது. அந்த உடம்புகள் அங்கே போய்விட்டன. 2000களில் ஹெவிவெயிட்டைக் கிளிச்கோ சகோதரர்கள் எடுத்துக்கொண்டதற்கு உக்ரைன் ரத்தத்தில் காரணம் தேடுவதைவிட அமெரிக்கக் கல்லூரி மைதானங்களில் தேடுவது புத்திசாலித்தனம். பின்னாளில் ஹெவிவெயிட் சாம்பியன் ஆன டியான்டே வைல்டரே கல்லூரி விளையாட்டுக் கனவோடு இருந்தவர்தான். மகள் முதுகுத்தண்டுக் குறைபாட்டோடு பிறந்ததால் பணத்துக்காக இந்தப் பக்கம் வந்தார்.

சரி, இப்போது இரண்டாவது கேள்வி. கதவு திறந்து உள்ளே வந்தாயிற்று. உள்ளே இருக்கும் முப்பது பேரில் யார்?

இங்கே உடம்பு பேச ஆரம்பிக்கிறது. குத்துச்சண்டையின் ஒரு விசேஷம், இது பரம்பரைச் சொத்தில் பெரிய பகுதியைச் சட்டம் போட்டே பிடுங்கிவிடுகிறது. 105 பவுண்டிலிருந்து ஆரம்பித்து 17 எடைப்பிரிவுகள் (சில அமைப்புகள் 18 என்கின்றன), ஆள் பெரியவனா சின்னவனா என்ற கேள்வியே தராசில் முடிந்துவிடும். மிச்சம் இருப்பது அதே எடையை எப்படிப் பங்கிட்டிருக்கிறது என்பது. தாமஸ் ஹெர்ன்ஸ் 147 பவுண்டு வெல்டர்வெயிட்டில் 6 அடி 1 அங்குல உயரம், 78 அங்குல ரீச், அதாவது இரு கைகளையும் விரித்தால் வரும் நீளம். அது ஏறக்குறைய முகமது அலியின் ரீச். எதிராளிக்குக் கிட்டே போகவே வழி தெரியாது. அந்தக் கை நீளத்தை எந்தக் கோச்சும் உருவாக்க முடியாது. தாடையும் அப்படித்தான், அடி வாங்கினால் நிற்குமா என்பதைப் பெரிதாகப் பயிற்சியால் மாற்ற முடியாது என்று ஜிம்மில் எல்லோரும் சொல்வார்கள், நானும் நம்புகிறேன்.

ஹெவிவெயிட்டில் மட்டும் மேல் எல்லை இல்லை, அதனால் அங்கே உடம்பின் பங்கு அதிகம். இதற்கு நான் பார்க்கும் அடையாளம், எந்த வயதில் ஆரம்பித்தார்கள் என்பது. ஆண்டனி ஜோஷுவா 18 வயதில் ஜிம்முக்குள் நுழைந்தார், 22 வயதில் ஒலிம்பிக் தங்கம். வைல்டர் கிட்டத்தட்ட இருபது வயதில் தொடங்கி மூன்றே வருடத்தில் பெய்ஜிங்கில் வெண்கலம் வாங்கினார். சின்ன எடைகளில் இதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. ஜப்பானின் சாம்பியன் நவோயா இனோவே ஆறு வயதிலிருந்தே அப்பாவிடம் பழகியவர். உக்ரைன் சாம்பியன் லோமசென்கோவை அவருடைய அப்பா நடுவில் பாக்ஸிங்கை நிறுத்தி நாட்டுப்புற நடனம் கற்க அனுப்பினார், கால் நகர்வு பழகட்டும் என்று. அளவு சமமாகும் இடத்தில் வருடங்கள்தான் வித்தியாசம் காட்டுகின்றன.

ஆனால் ஹெவிவெயிட்டிலும் உடம்பு தானாக எதையும் முடிவு செய்துவிடாது. சோனி லிஸ்டனுக்கு 84 அங்குல ரீச். மார்சியானோவுக்கு 70கூட கிடையாது, ஆனால் 49 சண்டை, 49 வெற்றி. மைக் டைசன் 5 அடி 10 அங்குலம். அவருடைய கோச் கஸ் டமாட்டோ அந்தக் குட்டைத்தனத்தையே ஆயுதமாக்கினார்: கைகள் கன்னத்தோடு ஒட்டி, தலையை விடாமல் அசைத்து, கீழிருந்து உள்ளே நுழைந்து அடிப்பது. 1986இல் 20 வயதில் உலக சாம்பியன். அதே பையன் சீர்திருத்தப் பள்ளியில் பாக்ஸிங் தெரிந்த ஒருவரைச் சந்திக்காமல், அவர் டமாட்டோவிடம் அழைத்துப் போகாமல் இருந்திருந்தால்? ஆஸ்கர் டி லா ஹோயா பிறவி இடது கைக்காரர், பலமான இடது கை முன்னால் வரும்படி வலது கைக்காரர் மாதிரி நிற்கப் பழக்கினார்கள், முன்கையால் நேராகக் குத்தும் அந்த ஜாபும், வளைத்து அடிக்கும் இடது ஹூக்கும் எதிராளிகளுக்குச் சிம்மசொப்பனம் ஆனது அதனால்தான். உடம்பு கொடுத்ததை வைத்து என்ன செய்வது என்று பார்க்கத் தெரிந்த கண் ஒன்று பக்கத்தில் இருக்கவேண்டும்.

மரபணு ஆய்வுகள் என்ன சொல்கின்றன? ஏ.சி.டி.என்.3 என்ற மரபணுவைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள், வேகத் தசைநார்களில் இருக்கும் ஒரு புரதத்தை உருவாக்குவது. உலகில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அந்தப் புரதம் கிடையாது. ஆஸ்திரேலியாவில் 2003இல் வெளியான ஆய்வில் உயர்மட்ட வேக ஓட்டக்காரர்களிடம் அந்தக் குறை மிக அரிதாகவே இருந்தது. சரி, அப்படியானால் மிச்சமிருக்கும் பல நூறு கோடிப் பேரிடம் அந்தப் புரதம் இருக்கிறது, அதில் என்னோடு படிக்கட்டு ஏறவே மூச்சு வாங்கும் நண்பர்களும் அடக்கம். குழந்தையின் எச்சிலை எடுத்து "உங்கள் பிள்ளைக்கு எந்த விளையாட்டு பொருந்தும்" என்று சொல்லித் தருவதாக விற்கும் ஆட்களிடம் காசைக் கொடுக்காதீர்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது ஹெரிட்டேஜ் ஆய்வு. பல குடும்பங்களை எடுத்து எல்லோருக்கும் 20 வாரம் ஒரே மாதிரி பயிற்சி கொடுத்தார்கள். சிலருக்கு மூச்சுத்திறன் எகிறியது, சிலருக்கு அசையவே இல்லை, அந்த வித்தியாசத்தில் கிட்டத்தட்ட பாதி குடும்பவழி சார்ந்தது. ஆகவே "உழைப்பு மட்டும்தான்" என்கிறவர்களும் கொஞ்சம் அடக்கி வாசிக்கலாம். ஒரே உழைப்புக்கு எல்லா உடம்பும் ஒரே கூலி கொடுப்பதில்லை.

குடும்பம் என்றதும் "புலிக்குப் பிறந்தது பூனையாகுமா" என்பார்கள். மேவெதரின் அப்பா பாக்ஸர், சித்தப்பா ரோஜர் உலக சாம்பியன். சரி, ஆனால் அந்த வீட்டில் மரபணு மட்டுமா கைமாறியது? தொட்டிலிலிருந்தே கையுறையும் இரண்டு கோச்களும் இலவசம். இன்னொரு பக்கம் ஹூலியோ செசார் சாவேஸ், கைவிடப்பட்ட ரயில் பெட்டியில் வளர்ந்து முதல் 90 சண்டைகளில் தோற்காதவர். மகனுக்குப் பணமும் பெயரும் நல்ல கோச்சும் இருந்தது, மிடில்வெயிட் பட்டம்கூட வந்தது, ஆனால் எடைத் தராசிலும் பயிற்சி ஒழுங்கிலும் அவர் பட்ட பாடு ஊரறிந்தது. இரட்டையர்களைப் பாருங்கள். தாய்லாந்தின் காவோசாய் கேலக்ஸி 19 முறை உலகப் பட்டத்தைத் தக்கவைத்து சாம்பியனாகவே ஓய்வு பெற்றார். கூடப் பிறந்த இரட்டையர் காவோகோர் இரண்டு முறை பட்டம் வாங்கி இரண்டு முறையும் ஒரு தடவைகூடத் தக்கவைக்காமல் சில மாதங்களில் பறிகொடுத்தார். இருவரும் உலக சாம்பியன் ஆனார்கள் என்பதில் வீடும் ரத்தமும் பேசுகின்றன. 19க்கும் பூஜ்யத்துக்கும் உள்ள தூரத்தை இரண்டையும் வைத்து விளக்க என்னால் முடியவில்லை.

இந்த விவாதத்தில் யாருமே தொடாத ஒரு விஷயம் உண்டு. தொழில்முறைக் குத்துச்சண்டையில் எதிராளியை யாரோ ஒருவர் தேர்ந்தெடுக்கிறார். ஓட்டப்பந்தயத்தில் எட்டுப் பேரும் ஒரே கோட்டில் நின்று ஓடுவார்கள், இங்கே அப்படி இல்லை. சண்டைகளை ஏற்பாடு செய்யும் நல்ல புரமோட்டர் கிடைத்தவனுக்கு முதல் இருபது சண்டையும் பார்த்துப் பார்த்து அமைப்பார்கள். டிக்கெட் விற்கிறவன் சொந்த ஊரில் மோதுவான், சந்தேகமான முடிவு அவன் பக்கம் சாயும். எதிர்மூலையில் நிற்பதற்கென்றே ஆட்கள் உண்டு. இங்கிலாந்தின் பீட்டர் பக்லி 300 சண்டை போட்டார், அதில் 256 தோல்வி. பல சமயம் சில நாள் அவகாசத்தில் கூப்பிட்டாலும் போய் மோதுவார், அவரை அடித்துப் பழகியவர்களில் பலர் பின்னால் பெரிய ஆளானார்கள். மோசமான பாக்ஸரால் 300 சண்டை தாங்கவே முடியாது, அவ்வளவு தற்காப்புத் தெரிந்தவர். வேறொரு புரமோட்டர், வேறொரு தொடக்கம் என்றிருந்தால் அவருடைய கணக்கு எப்படி இருந்திருக்கும் என்று எந்த மரபணுப் பரிசோதனையும் சொல்லாது.

கடைசியாக ஒன்று. குத்துச்சண்டையில் மரபணுவின் பங்கைப் பற்றி உண்மையிலேயே கவலைப்பட வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது, அதற்கும் வெற்றிக்கும் சம்பந்தமில்லை. அப்போஈ-4 என்ற மரபணு வகை, அல்சைமர் அபாயத்தோடு தொடர்புள்ளது. 1997இல் 30 பாக்ஸர்களை வைத்து வெளியான ஒரு ஆய்வில், நிறையச் சண்டை போட்டவர்களில் இந்த வகை உள்ளவர்களுக்கு மூளைப் பாதிப்பு அதிகக் கடுமையாக இருந்தது. சின்ன ஆய்வுதான். ஆனால் அதில் இரண்டு காரணமும் ஒரே மண்டைக்குள் சந்திக்கின்றன: எத்தனை அடி வாங்கும்வரை ஒருவன் ரிங்கில் நின்றாக வேண்டும் என்பதை அவனுடைய கடனும் ஒப்பந்தமும் முடிவு செய்கின்றன, அத்தனை அடியை அவன் மூளை எப்படித் தாங்கும் என்பதில் அப்பா அம்மாவிடமிருந்து வந்ததற்கும் பங்கு இருக்கிறது. பிள்ளைக்கு வேகத் தசை இருக்கிறதா என்று பரிசோதிக்கப் பணம் கட்டுகிறவர்கள் இதைக் கேட்டதாக நான் எங்கேயும் பார்க்கவில்லை.